தலை, கழுத்துப் புற்றுநோயின் நிலை வகைப்பாடு: செம்மைப்படுத்த நான்கு வழிகளும் அவை பொருந்தும் இடங்களும்

டான்சிலில் 3 செ.மீ. கட்டி, கழுத்தின் அதே பக்கத்தில் புற்று பரவிய இரண்டு சிறிய நிணநீர்க்கணுக்கள், உடலில் வேறெங்கும் பரவல் இல்லை, வைரஸால் வந்த புற்று என்பதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளப்படும் பி16 சோதனை திசுவில் நேர்மறை. இந்த நோயாளி 2016இல் மருத்துவமனைக்கு வந்திருந்தால் அவருடைய கோப்பில் ‘நிலை 4ஏ’ என்று எழுதியிருப்பார்கள். 2018இல் வந்திருந்தால் ‘நிலை 1’ என்று எழுதியிருப்பார்கள். நாக்கின் ஓரத்தில் 2.5 செ.மீ. அகலமும் 12 மி.மீ. ஆழமும் கொண்ட, கணுக்களுக்குப் பரவாத கட்டியோடு வந்தவருக்கு இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. நிலை 2 என்று இருந்தது நிலை 3 ஆயிற்று. நோயாளியின் உடலில் எதுவும் மாறவில்லை. அளவுகோல் மாறியது.

இந்த மாற்றத்துக்குப் பிறகு முதுநிலை மருத்துவ மாணவர்களும், புற்றுநோய்ப் பதிவேடுகளில் வேலை செய்வோரும், சிறிய ஊர்களின் மருத்துவமனைகளில் ட்யூமர் போர்டு, அதாவது பல துறை மருத்துவர்கள் கூடிச் சிகிச்சையை முடிவுசெய்யும் கூட்டம், நடத்தத் தொடங்கியிருப்போரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பழைய எளிய முறையிலேயே இருந்துவிடுவதா, கட்டி இறங்கிய ஆழமும், புற்று கணுவின் உறையைக் கிழித்து வெளியேறும் உறை மீறலும் சேர்ந்த புதிய உடற்கூற்று விதிகளை முழுமையாக ஏற்பதா, வைரஸ் சோதனையை நிலைக்குள் கொண்டுவருவதா, அல்லது நிலையை விட்டுவிட்டு இடர்க் குழுக்களையும் கணிப்பு வரைபடங்களையும் நம்புவதா? நான்குக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். நான்குக்கும் வெளியே தெரியாத செலவுகளும் இருக்கின்றன.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு சொல். நம் ஊரில் ‘நாலாவது ஸ்டேஜ்’ என்ற சொல் காதில் விழுந்தவுடன் குடும்பம் நம்பிக்கையைக் கைவிட்டுவிடுகிறது. நுரையீரலிலோ குடலிலோ நான்காம் நிலை என்றால் தொலைவிடப் பரவல் என்று பொருள். வாய்ப் புற்றுநோயில் நிலை 4ஏ என்பது பெரும்பாலும் தாடை எலும்பை ஊடுருவிய கட்டியையோ, கழுத்துக் கணுக்களுக்குப் பரவியதையோ குறிக்கும். குணப்படுத்தும் நோக்கத்தோடு அறுவையும் கதிர்வீச்சும் தரப்படும் நிலை அது. ஓர் எண் இத்தனை கனத்தைச் சுமப்பதால்தான் அந்த எண்ணை எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதில் நாம் கவனமாக இருக்கவேண்டியிருக்கிறது.

## அளவுகோலை அளக்கும் அளவுகோல்கள்

டி.என்.எம். முறையைப் பிரான்ஸின் பியர் தெனுவா 1943க்கும் 1952க்கும் இடையில் உருவாக்கினார். மூலக்கட்டி டி, நிணநீர்க்கணு என், தொலைவிடப் பரவல் எம். ஒவ்வோர் எழுத்தின் அருகே வரும் எண் கூடக்கூட நோய் மிகுதி; மூன்றும் சேர்ந்து நிலையைத் தரும். பன்னாட்டுப் புற்றுநோய் எதிர்ப்பு ஒன்றியமான யூ.ஐ.சி.சி. 1968இல் அதன் முதல் கையேட்டை வெளியிட்டது. 1959இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் கூட்டுக்குழுவான ஏ.ஜே.சி.சி. தன் முதல் கையேட்டை 1977இல் கொண்டுவந்தது. ஏழாம் பதிப்பு 2010இல் நடைமுறைக்கு வந்தது. எட்டாம் பதிப்பு 2016இன் இறுதியில் அச்சாகி, யூ.ஐ.சி.சி. வழியில் 2017 முதலும் அமெரிக்காவில் 2018 ஜனவரி முதலும் நடைமுறைக்கு வந்தது. ஏ.ஜே.சி.சி. இப்போது முழு நூலாக மாற்றாமல் உறுப்பு வாரியாகப் புதுப்பிக்கிறது. மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்கான ஒன்பதாம் வடிவம் 2025இல் நடைமுறைக்கு வந்துவிட்டது.

ஒரு வகைப்பாடு நல்லதா என்பதைச் சோதிக்கக் கனடாவின் பேட்டி குரூமும் அவருடைய குழுவினரும் 2001இல் வகுத்த நான்கு கேள்விகளை இத்துறையில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஒரே நிலைக்குள் வைக்கப்பட்ட பலவகை நோயாளிகளின் வாழ்நாள் ஒருவருக்கொருவர் நெருக்கமாக இருக்கிறதா? அடுத்தடுத்த நிலைகளுக்கிடையே வாழ்நாள் தெளிவாக வேறுபடுகிறதா? நோயாளிகள் ஒரே நிலையில் குவியாமல் ஓரளவு பரவலாகப் பிரிகிறார்களா? மொத்தத்தில் நோயின் போக்கை எவ்வளவு சரியாகக் கணிக்கிறது?

இவை நான்கும் கணினியில் தரவை வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகள். நோயாளியின் படுக்கையருகே நின்று கேட்கவேண்டியவை இன்னும் மூன்று இருக்கின்றன என்பது என் கருத்து. இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே அளந்தால் ஒரே விடை வருமா? அந்த அளவீட்டை நம் மருத்துவமனையில், நம் ஆய்வகத்தில், நோயாளி தாங்கக்கூடிய செலவில் செய்ய முடியுமா? பத்தாண்டுகளுக்கு முந்தைய நம் பதிவுகளோடு இன்றைய பதிவுகளை ஒப்பிட முடியுமா? முதல் நான்கில் தேறிய ஒரு முறை இந்த மூன்றில் தோற்றால், அது தாளில் மட்டுமே முன்னேற்றம்.

## முதல் வழி: பழைய எளிய உடற்கூற்று முறையிலேயே நிற்பது

இதன் வலிமை வெளிப்படையானது. கட்டியின் அகலத்தை ஓர் அளவுகோலால் அளக்கலாம். கழுத்துக் கணுக்களை விரலால் தொட்டும் சி.டி. படத்தில் பார்த்தும் எண்ணலாம். எந்த ஊரிலும் முடியும். பல பத்தாண்டுப் பதிவுகளோடு தொடர்ச்சி அறுபடாது.

அது எங்கே உடைந்தது என்பதற்குத் தெளிவான சான்று தொண்டையின் நடுப்பகுதியிலிருந்து வந்தது. ஹியூமன் பாப்பிலோமா வைரஸால், அதாவது எச்.பி.வி.யால், டான்சிலிலும் அடிநாக்கிலும் தோன்றும் புற்றுநோய் சிறிய கட்டியாக இருக்கும்போதே கழுத்துக் கணுக்களுக்குப் பரவிவிடும். ஆனாலும் சிகிச்சைக்கு நன்றாக மசியும். ஏழு மையங்களின் 1,907 நோயாளிகளை வைத்து பிரையன் ஓ’சல்லிவனும் கூட்டாளிகளும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாம் பதிப்பின்படி ஐந்தாண்டு வாழ்நாள் விகிதம் நிலை 1க்கு 88, நிலை 2க்கு 82, நிலை 3க்கு 84, நிலை 4ஏக்கு 81 விழுக்காடு என்று வந்தது. முதல் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் ஏறக்குறைய வேறுபாடே இல்லை. நிலை 4பியில் மட்டும் அது 60 ஆகக் குறைந்தது. குரூமின் இரண்டாவது கேள்விக்கு இதைவிடக் கடுமையான தோல்வி இருக்க முடியாது.

வாய்க்குழியில் தோல்வி இவ்வளவு வெளிப்படையாக இல்லை. அகலம் ஒன்றாக இருந்தும் மேலோட்டமாகப் படர்ந்த கட்டியும் தசைக்குள் ஆழமாக இறங்கிய கட்டியும் ஒரே டி2 என்று எழுதப்பட்டு, இரண்டும் வேறு வேறு முடிவைச் சந்தித்தன. ஒரே நிலைக்குள் ஒற்றுமை இருக்கவேண்டும் என்ற முதல் கேள்வியில் அது தவறியது.

ஆகவே எல்லாத் தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கும் பழைய முறையையே பிடித்துக்கொண்டிருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குரல்வளைக்கு மட்டும் இந்தச் சண்டை பெரிதாக இல்லை. எட்டாம் பதிப்பில் அதன் டி வகைகள் பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன. தைராய்டு குருத்தெலும்பின் உட்பரப்பை மட்டும் கட்டி அரித்திருக்கிறதா, துளைத்து வெளியே வந்திருக்கிறதா என்று படத்தில் சரியாகப் படிப்பதுதான் அங்கே டி3யையும் டி4ஏயையும் பிரிக்கும் உண்மையான சிக்கல். பதிப்பை மாற்றினாலும் அது தீராது.

## இரண்டாம் வழி: உடற்கூற்றையே ஆழப்படுத்துவது

வாய்ப் புற்றுநோய் மிகுந்த நம் நாட்டுக்கு நேரடியாகப் பொருந்தும் வழி என்பதால் இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்.

எட்டாம் பதிப்பு வாய்க்குழிக்கு ஊடுருவல் ஆழத்தைச் சேர்த்தது. 5 மி.மீ., 10 மி.மீ. என்று இரண்டு எல்லைகள். 2 செ.மீ.க்குள் அடங்கும் கட்டியும் 5 மி.மீ.க்கு மேல் ஆழமிருந்தால் டி1 ஆகாது, 2 செ.மீ.க்கு மேல் 4 செ.மீ.க்குள் அடங்கும் கட்டியும் 10 மி.மீ. ஆழத்தைத் தாண்டினால் டி3. முன்பு நாக்கின் வெளித்தசைகளை ஊடுருவினால் டி4ஏ என்று இருந்த விதி நீக்கப்பட்டது. அந்த ஊடுருவலைப் படத்திலோ திசுவிலோ உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே காரணம். இந்த மாற்றத்துக்கு அடித்தளமாக இருந்த, 2014இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் 11 மையங்களின் 3,149 நோயாளிகள் இருந்தார்கள்.

ஆழம் என்ற சொல்தான் இங்கே மருத்துவர்களையே ஏமாற்றுகிறது. கட்டியின் தடிமனும் ஊடுருவல் ஆழமும் ஒன்றல்ல. அருகிலுள்ள நோயற்ற சவ்வின் அடிச்சவ்வு மட்டத்தில் ஒரு கிடைக்கோடு வரைந்து, அங்கிருந்து கட்டியின் மிக ஆழமான புள்ளிவரை தூக்குக்குண்டு தொங்கவிடுவதுபோலச் செங்குத்தாக அளப்பதே ஊடுருவல் ஆழம். பூக்கோசுபோல வெளியே வளர்ந்த கட்டிக்குத் தடிமன் 14 மி.மீ. இருந்தும் ஆழம் 4 மி.மீ. மட்டுமே இருக்கலாம். குழிந்த புண்ணாக இருக்கும் கட்டிக்குத் தடிமன் குறைவாகத் தெரிந்து, ஆழம் அதைவிட மிகுதியாக இருக்கும். ஆய்வறிக்கையில் ‘தடிமன்’ என்று எழுதியதை அப்படியே ஆழமாக எடுத்துக்கொண்டால் முதலாமவர் தேவையின்றி மேல்நிலைக்கும் இரண்டாமவர் தவறுதலாகக் கீழ்நிலைக்கும் போய்விடுவார்.

அறுவைக்கு முன் ஆழத்தை அறிவது இன்னும் கடினம். புண்ணின் ஓரத்தில் கிள்ளி எடுத்த சிறிய பயாப்ஸி முழு ஆழத்தைச் சொல்லாது. எம்.ஆர்.ஐ. உதவும், ஆனால் கட்டியைச் சுற்றிய வீக்கத்தையும் சேர்த்துக்காட்டி உண்மையைவிடக் கூட்டிச் சொல்லும் இயல்புடையது. ஃபார்மலினில் சுருங்கிய திசுவில் நோயியல் மருத்துவர் அளக்கும்போது அது குறைகிறது. எல்லைக்கோடு 5 மி.மீ. என்று இருக்கையில் 1 மி.மீ. பிழையே நிலையை மாற்றிவிடும். ஐயம் வரும்போது குறைந்த வகையைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்ற டி.என்.எம். பொது விதி இந்த இடத்துக்குத்தான் மிகவும் தேவைப்படுகிறது.

மேல் அண்ணத்திலும் ஈற்றிலும் சவ்வுக்கு அடியிலேயே எலும்பு இருப்பதால், நாக்கில் ஆழம் சொல்லும் செய்தியை அங்கே அதே கருத்தில் எடுத்துக்கொள்ள முடியாது. புகையிலையும் பாக்கும் கன்னத்தில் அடக்கிவைக்கும் பழக்கத்தால் கன்னமும் ஈறும் சேரும் இடத்தில் தோன்றும் புற்று நம் நாட்டின் தனி முகம். அது பின்னோக்கி வளர்ந்து மெல்லும் தசைகள் இருக்கும் வெளியை எட்டினால் உடனே டி4பி, அதாவது நிலை 4பி. அறுவைக்கு ஏற்றதல்ல என்ற பொருளில் பலர் இதைப் படிக்கிறார்கள். கீழ்த்தாடை எலும்பின் மேல் விளிம்பிலுள்ள பள்ளத்துக்குக் கீழே மட்டும் பரவிய கட்டிகளை முழுமையாக அகற்ற முடிகிறது என்பதையும், அவர்களுடைய முடிவு டி4ஏ நோயாளிகளுக்கு நெருக்கமாக இருக்கிறது என்பதையும் தைவானின் அறுவை மருத்துவர்களும் இந்திய அறுவை மருத்துவர்களும் காட்டியிருக்கிறார்கள். பள்ளத்துக்கு மேலே போன கட்டியும் கீழே நின்ற கட்டியும் இன்னும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. அடுத்த பதிப்பில் முதலில் பிரிக்கப்படவேண்டியது இது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தக் குறையால் அறுவை மறுக்கப்படுபவர் பெரும்பாலும் நம் நோயாளி.

கணுக்களுக்கு வருவோம். கணுவின் உறையைக் கிழித்துக்கொண்டு புற்று வெளியே வந்திருந்தால் நோய் திரும்ப வரும் ஆபத்து கூடும் என்பது பழைய அறிவு. அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் சேர்த்துக் கொடுப்பதற்கான முதன்மைக் காரணங்களில் ஒன்றாக 2004இல் வெளிவந்த ஐரோப்பிய, அமெரிக்கச் சோதனைகளுக்குப் பிறகு அது நிலைபெற்றது. எட்டாம் பதிப்பு அதை என் வகைக்குள்ளேயே கொண்டுவந்தது. 3 செ.மீ.க்கு உட்பட்ட ஒரே கணு, அதே பக்கம், உறை மீறல் இருந்தால் பிஎன்2ஏ (முன்னால் வரும் ‘பி’, அறுவையில் எடுத்த திசுவைப் பார்த்து எழுதியது என்பதைக் குறிக்கும்). உறை மீறிய மற்றவை ஏறக்குறைய எல்லாம் பிஎன்3பி. இதன் விளைவாக, நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் 1 மி.மீ. மீறலும், கழுத்துத் தசையைக் கவ்விப் பிடித்த பெரும் மீறலும் ஒரே பிஎன்3பி ஆகின்றன. 2 மி.மீ.க்கு உட்பட்டதா மேற்பட்டதா என்று குறித்துவைக்கச் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் குறிப்பு நிலையை மாற்றுவதில்லை. பிஎன்3பி வீங்க, உறை மீறாமல் 6 செ.மீ.யைத் தாண்டிய கணுவைக் குறிக்கும் பிஎன்3ஏ கிட்டத்தட்ட வெறுமையாகக் கிடக்கிறது. சமநிலை என்ற மூன்றாவது கேள்வியில் இது தோல்வி.

பரவிய கணுக்களின் எண்ணிக்கையையே அடிப்படையாக வைத்தால் என்ன? அமெரிக்கத் தேசியத் தரவுத்தளத்தின் 14,554 வாய்ப் புற்றுநோயாளிகளை வைத்து 2017இல் வந்த ஆய்வு, ஒவ்வொரு கணுவும் கூடும்போது இறப்பு ஆபத்து ஏறுகிறது என்பதையும், முதல் நான்கு கணுக்கள்வரை அந்த ஏற்றம் மிகச் செங்குத்தாக இருக்கிறது என்பதையும் காட்டியது. எண்ணுவதற்கு எளிது, தெளிவு, செலவில்லை. ஆனால் அறுவை மருத்துவர் எத்தனை கணுக்களை அகற்றினார், நோயியல் கூடத்தில் எத்தனை தேடி எடுத்தார்கள் என்பதைச் சார்ந்தது அந்த எண். எட்டுக் கணுக்கள் மட்டும் பார்க்கப்பட்ட கழுத்தில் ‘ஒன்றில் பரவல்’ என்பதும் முப்பது பார்க்கப்பட்ட கழுத்தில் ‘ஒன்றில் பரவல்’ என்பதும் ஒரே செய்தி ஆகா. கழுத்து அறுவையில் குறைந்தது 18 கணுக்கள் பார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்ற தர அளவு இதற்காகவே முன்வைக்கப்படுகிறது.

கவனமாக அச்சடித்த கையேட்டிலும் சறுக்கல் நேர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஏ.ஜே.சி.சி. எட்டாம் பதிப்பின் முதல் அச்சில் 4 செ.மீ.க்கு மேற்பட்ட வாய்க்கட்டியோ 10 மி.மீ.க்கு மேற்பட்ட ஆழமோ டி3 என்று இருந்தது. பின்னர் வந்த திருத்தத்தில் இரண்டும் சேர்ந்திருந்தால் டி4ஏ என்று மாறியது. ஆகவே ‘எட்டாம் பதிப்பின்படி’ என்று மட்டும் எழுதிவைத்தால் போதாது.

## மூன்றாம் வழி: வைரஸை நிலைக்குள் கொண்டுவருவது

எட்டாம் பதிப்பு தொண்டையின் நடுப்பகுதிப் புற்றுநோயை இரண்டாகப் பிரித்தது. பி16 நேர்மறைக்கு ஓர் அட்டவணை, எதிர்மறைக்கு வேறோர் அட்டவணை. நேர்மறை அட்டவணையில் ஒரே பக்கத்தில் 6 செ.மீ.க்குள் எத்தனை கணு இருந்தாலும் என்1, இரு பக்கமும் அல்லது எதிர்ப்பக்கம் என்றால் என்2, 6 செ.மீ. தாண்டினால் என்3. முன்பு குறிப்பிட்ட அதே 1,907 நோயாளிகளை இப்படிப் பிரித்தபோது ஐந்தாண்டு வாழ்நாள் நிலை 1க்கு 85, நிலை 2க்கு 78, நிலை 3க்கு 53 விழுக்காடு என்று படிப்படியாக இறங்கியது. வகைப்பாடு என்ற அளவில் இது உண்மையான வெற்றி.

அறுவை செய்தவர்களுக்கான அட்டவணையில் கணுக்களின் எண்ணிக்கை வருகிறது. நான்குவரை பிஎன்1, ஐந்தும் மேலும் பிஎன்2. ஒரே பக்கத்தில் ஐந்து கணுக்களோடு வருபவர் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தால் என்1; டி2 கட்டியாக இருந்தால் நிலை 1. அவரே அறுவையைத் தேர்ந்தெடுத்தால் நிலை 2. சிகிச்சையின் தேர்வு நிலையை மாற்றுவதால் அறுவைக் குழுவையும் கதிர்வீச்சுக் குழுவையும் நிலைவாரியாக ஒப்பிடும் எவரும் இங்கே தடுக்கி விழுவார்.

பி16 என்பது வைரஸ் அல்ல. வைரஸ் வேலைசெய்வதால் உயிரணுவுக்குள் மிகும் ஒரு புரதம். திசுச் சாயச் சோதனையில் குறைந்தது 70 விழுக்காடு புற்றணுக்களில் உட்கருவும் அணுநீரும் அழுத்தமாகச் சாயமேறினால் நேர்மறை. செலவு குறைவு, பெரும்பாலான ஆய்வகங்களில் முடியும் என்பதால் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் சோதனைக்கு மாற்றாக இதை ஏற்றார்கள். ஆனால் 7,654 நோயாளிகளின் தரவைத் திரட்டி 2023இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் 9.2 விழுக்காட்டினருக்கு இரண்டு சோதனைகளும் முரண்பட்டன. இரண்டும் நேர்மறையானவர்களின் ஐந்தாண்டு வாழ்நாள் 81.1 விழுக்காடு, பி16 மட்டும் நேர்மறையாகி வைரஸ் இல்லாதவர்களுக்கு 54.7 தான். எச்.பி.வி.யின் பங்கு குறைந்த பகுதிகளில் இந்த முரண்பாடு மிகுதி என்பதையும் அந்த ஆய்வு சொன்னது.

தொண்டைப் புற்றுநோயில் புகையிலையும் பாக்குமே முதன்மைக் காரணங்களாக இருக்கும் நம் நாடு அப்படிப்பட்ட பகுதி. இங்கே பி16 நேர்மறை என்ற ஒரே தாளை வைத்து ஒருவரை நிலை 1க்கு இறக்குவது, வைரஸ் மிகுந்த நாட்டில் இறக்குவதைவிட ஆபத்தானது. வைரஸ் சோதனையையும் சேர்த்துச் செய்யும் செலவு இங்கேதான் நியாயமாகிறது. வாய்க்குழிக் கட்டிக்கு பி16 செய்துபார்த்து நேர்மறை அட்டவணையில் போடுவது முற்றிலும் தவறு. அந்த அட்டவணை தொண்டையின் நடுப்பகுதிக்கு மட்டுமே உரியது. பி16 செய்யப்படாவிட்டால் எதிர்மறை அட்டவணையைப் பயன்படுத்தவேண்டும்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாதது. நிலை 4இலிருந்து நிலை 1க்கு வந்துவிட்டதால் சிகிச்சையையும் குறைத்துவிடலாம் என்ற எண்ணம் எளிதாக எழும். குறைத்துப் பார்த்த சோதனைகளின் முடிவு எச்சரிக்கையாக அமைந்தது. சிஸ்பிளாட்டினுக்குப் பதில் செடுக்ஸிமாப் என்ற மருந்தைக் கொடுத்த அமெரிக்கச் சோதனையில் ஐந்தாண்டு வாழ்நாள் 84.6இலிருந்து 77.9 விழுக்காடாகக் குறைந்தது. நிலை 1க்கு மேலே சொன்ன 85 விழுக்காடு முழுச் சிகிச்சை பெற்றவர்களிடமிருந்து வந்த எண். சிகிச்சையைக் குறைத்தாலும் அதே எண் வரும் என்று அது யாருக்கும் வாக்களிக்கவில்லை.

## நான்காம் வழி: இடர்க் குழுக்களும் கணிப்பு வரைபடங்களும்

2010இல் கியான் ஆங்கும் குழுவினரும் எச்.பி.வி., புகைபிடித்த அளவு, கணு, கட்டி ஆகிய நான்கையும் சேர்த்துத் தொண்டைப் புற்றுநோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். மூன்றாண்டு வாழ்நாள் 93.0, 70.8, 46.2 விழுக்காடு. எந்த டி.என்.எம். அட்டவணையும் தராத தெளிவு இது. நோயாளியின் வயது, உடல்நிலை, கணு எண்ணிக்கை என்று மேலும் பலவற்றைச் சேர்த்துத் தனியொருவருக்கான கணிப்பைத் தரும் வரைபடங்களும் இருக்கின்றன.

இந்த வழியில் நான் தயங்குவதற்குக் காரணம் உண்டு. ஆங்கின் குழுக்களில் எல்லைக்கோடு 10 பொதி-ஆண்டுகள். அதாவது நாளொன்றுக்கு ஒரு பொதி சிகரெட் வீதம் பத்தாண்டுகள். பீடியையும், வாயில் அடக்கும் புகையிலையையும், வெற்றிலையோடு மெல்லும் பாக்கையும் அந்தக் கணக்கில் எப்படி எழுதுவது? ஒரு மருத்துவச் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமெரிக்க நோயாளிகளிடம் செய்த கணக்கு, மூன்று பேருந்து மாறி வந்து பாதிச் சிகிச்சையில் நின்றுபோகும் ஒருவருக்குப் பொருந்துமா என்பதை அந்த ஊரின் தரவை வைத்துச் சரிபார்க்காமல் சொல்ல முடியாது. ஓர் உள்ளீடு விடுபட்டாலும் கணிப்பு நின்றுவிடும். பதிவேடுகளும் ஊருக்கு ஊர் ஒப்பிட வழியின்றிப் போகும்.

மூக்குத்தொண்டைப் புற்றுநோயின் ஒன்பதாம் வடிவம் இங்கே நல்ல பாடம். இரத்தத்திலுள்ள ஈ.பி.வி. வைரஸின் டி.என்.ஏ. அளவு அந்த நோயின் போக்கை நன்றாகக் காட்டும். ஆயினும் நிலைக்குள் அதைச் சேர்க்கவில்லை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவீடு ஒத்துவராதது பெரிய தடை. அதற்குப் பதிலாகப் படத்தில் தெரியும் மிகுதியான உறை மீறலை என்3 ஆக்கினார்கள். நான்காம் நிலை என்பதைத் தொலைவிடப் பரவலுக்கு மட்டும் ஒதுக்கி, பரவிய இடங்கள் மூன்றுவரையா மேலா என்று 4ஏ, 4பி ஆகப் பிரித்தார்கள். எங்கும் அளக்கக்கூடியதை நிலைக்குள் வைத்து, அளவீடு இன்னும் முதிராததை வெளியே நிறுத்திய அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

## நான்கையும் அருகருகே வைத்தால்

| அளவுகோல் | பழைய உடற்கூறு | ஆழப்படுத்திய உடற்கூறு | வைரஸ் சேர்த்த நிலை | இடர்க் குழு, வரைபடம் |
|---|---|---|---|---|
| நிலைகளுக்கிடையே வேறுபாடு | தொண்டையில் மோசம், வாயில் நடுத்தரம் | வாயில் நன்று | தொண்டையில் மிக நன்று | மிக நன்று, ஆனால் உருவான மக்களிடம் |
| இருவர் அளந்தால் ஒரே விடை | பெரும்பாலும் | ஆழத்திலும் உறை மீறலிலும் சறுக்கல் | பி16இல் நன்று. வைரஸோடு முரண் உண்டு | உள்ளீடுகளைப் பொறுத்தது |
| தேவைப்படுவது | பரிசோதனை, சி.டி. | எம்.ஆர்.ஐ., பயிற்சி பெற்ற நோயியல் மருத்துவர் | திசுச் சாயம், இயன்றால் வைரஸ் சோதனை | முழுமையான தரவு, உள்ளூர்ச் சரிபார்ப்பு |
| பழைய பதிவுகளோடு தொடர்ச்சி | முழுமை | மூல அளவுகள் இருந்தால் மட்டும் | பழைய திசுக்கட்டைகள் இருந்தால் மட்டும் | அரிது |
| மறைந்திருக்கும் செலவு | தவறான அச்சமும் தவறான ஆறுதலும் | எல்லைக்கோட்டில் நிலை தாவுதல் | சிகிச்சையைக் குறைக்கும் சபலம் | வேற்று மக்களின் கணக்கை நம்புதல் |

அட்டவணைக்குள் அடங்காத செலவு ஒன்று இரண்டாம், மூன்றாம் வழிகளுக்குப் பொதுவானது. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். நிலை 2இல் 100 பேர். 60 பேருக்கு ஆழமற்ற கட்டி, அவர்களில் 48 பேர் பிழைக்கிறார்கள். 40 பேருக்கு ஆழமான கட்டி, 24 பேர் பிழைக்கிறார்கள். மொத்தம் 72 விழுக்காடு. நிலை 3இல் 100 பேரில் 50 பேர் பிழைக்கிறார்கள். இப்போது ஆழமான 40 பேரை நிலை 3க்கு மாற்றுங்கள். நிலை 2 80 விழுக்காடாக உயர்கிறது. நிலை 3 140 பேரில் 74, அதாவது 53 விழுக்காடாக உயர்கிறது. இரண்டு நிலைகளும் முன்னேறிவிட்டன. ஆனால் முன்பும் 122 பேர்தான் பிழைத்தார்கள், இப்போதும் 122 பேர்தான். ஆல்வன் ஃபைன்ஸ்டைன் 1985இல் இதற்கு வில் ராஜர்ஸ் நிகழ்வு என்று பெயரிட்டார். 2017க்கு முன்னும் பின்னும் உள்ள தங்கள் முடிவுகளை நிலைவாரியாக ஒப்பிட்டு ‘முன்னேறியிருக்கிறோம்’ என்று எழுதும் எந்த மருத்துவமனையும் இந்தக் கணக்கை முதலில் போட்டுப்பார்க்க வேண்டும்.

## யாருக்கு எது

வாய்ப் புற்றுநோயே பெரும்பான்மையாக வரும் மருத்துவமனைக்கு இரண்டாம் வழியே சரி. ஆழத்தைச் சரியாக அளக்க நோயியல் மருத்துவருக்குப் பயிற்சி கொடுப்பதிலும் கணுக்களைத் தேடி எடுப்பதிலும் முதல் பணத்தைச் செலவிடலாம். அறுவை முடிவுகள் பலவும் நிலைக்காகக் காத்திருப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். டாட்டா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட சோதனையில், தொடக்கநிலை வாய்ப் புற்றுநோயில் கழுத்துக் கணுக்களை முன்கூட்டியே அகற்றியவர்களின் மூன்றாண்டு வாழ்நாள் 80.0 விழுக்காடு, நோய் தெரிந்தபின் அகற்றியவர்களுக்கு 67.5. அங்கேயும் ஆதாயம் 3 மி.மீ.க்கு மேற்பட்ட ஆழத்தில்தான் தெளிவாக இருந்தது.

தொண்டைப் புற்றுநோய்க்கு மூன்றாம் வழியை விலக்க முடியாது. பி16 நேர்மறை வந்தால், குறிப்பாக நோயாளி நெடுநாள் புகையிலை பயன்படுத்தியவராக இருந்தால், வைரஸ் சோதனையும் செய்வது நல்லது. அதற்கு வசதியில்லாத இடத்தில் அட்டவணைப்படி நிலையை எழுதலாம். சிகிச்சையைக் குறைக்க அதை ஆதாரமாகக் கொள்ளக்கூடாது.

மக்கள்தொகைப் பதிவேட்டுக்கு ஒரே பதிப்பைச் சீராகக் கடைப்பிடிப்பதும், மாறும் ஆண்டைத் தெளிவாகக் குறிப்பதும் எந்தப் புதிய நுணுக்கத்தையும்விட முக்கியம். நான்காம் வழி ஆய்வு மையங்களுக்கும், நோயாளியோடு தனியே அமர்ந்து பேசும் நேரத்துக்கும் உரியது. நிலைக்கு மாற்றாக அல்ல, அதற்கு அருகில்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு பழக்கம் இன்றே தொடங்கக்கூடியது. நிலையை மட்டும் எழுதாமல், அது எந்த அளவுகளிலிருந்து வந்ததோ அவற்றை எழுதிவைப்பது. ‘டி3 என்2பி, நிலை 4ஏ’ என்று மட்டும் இருக்கும் 2012இன் கோப்பை இன்று யாராலும் எட்டாம் பதிப்புக்கு மாற்ற முடியாது. ஆழம் என்ன, உறை மீறியதா என்று கேட்க அந்தக் கண்ணாடித் தகடுகளும் பல இடங்களில் இல்லை. அதற்குப் பதில் இப்படி ஒரு வரி இருக்கட்டும்: ‘நாக்கின் இடது ஓரம், அகலம் 31 மி.மீ.; ஊடுருவல் ஆழம் 11 மி.மீ., அடிச்சவ்வு மட்டத்திலிருந்து. இடது கழுத்தில் 34 கணுக்கள் பார்க்கப்பட்டன, 2இல் பரவல், பெரியது 18 மி.மீ.; உறை மீறல் உண்டு, 1.5 மி.மீ.; ஏ.ஜே.சி.சி. 8, திருத்தப்பட்ட அச்சு: பிடி3 பிஎன்3பி.’ அடுத்த பதிப்பு நுண் மீறலைத் தனியே பிரித்தாலும், அதற்கடுத்த பதிப்பு கணு எண்ணிக்கைக்கு மாறினாலும், இந்த நோயாளியின் நிலையை அந்த ஒரு வரியிலிருந்தே மீண்டும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.